கவுன்சலரிடம் பேசினால் எச்ஆருக்குத் தெரியுமா?

நைட் ஷிஃப்டில் தூக்கம் போய், லாகின் செய்யும்போதே நெஞ்சு படபடக்கிறது, கம்பெனி தந்த கவுன்சலிங் எண்ணை அழைத்தால் எச்ஆருக்குத் தெரிந்துவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். பெரும்பாலும் இந்தக் கவுன்சலிங்கை வெளி நிறுவனம்தான் நடத்தும். எத்தனை பேர் அழைத்தார்கள் என்ற கணக்குதான் வழக்கமாகக் கம்பெனிக்குப் போகும். இருந்தாலும் பேச்சைத் தொடங்கும் முன்பே, "என் பெயர் யாருக்காவது போகுமா?" என்று கேட்டுவிடுங்கள். ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் மெயில் இரண்டும் வேண்டாம்.

மனசு ஒப்பவில்லையா, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் இருக்கிறது: 14416. இலவசம், நள்ளிரவிலும் தமிழில் பேசலாம். டாக்டரிடம் போனால், 2017 மனநலச் சட்டப்படி அவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். எச்ஆர் அனுப்பும் யோகா தின மெயிலை நம்பி உட்கார வேண்டாம். அப்புறம், படபடப்புக்குத் தைராய்டும் காரணமாகலாம். ஒரு ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்துவிடுங்கள்.