பூஞ்சைக் கைமாவும் இருபது நிமிட இருமலும்

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வசிக்கிறோம். சுத்த சைவக் குடும்பம். புரதத்துக்காக ஆறு மாதமாக குவார்ன் (பூஞ்சையிலிருந்து செய்யும், இறைச்சிக்கு மாற்றான உணவு) வாங்கிக் கைமா மாதிரி செய்கிறேன். இது ஃபியூசேரியம் என்ற விஷப் பூஞ்சை, பெயரிலேயே விஷம் இருக்கிறது, ஹார்மோனைக் கெடுக்கும், யூரிக் ஆசிட் ஏற்றும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். மாமனாருக்கு கவுட் (யூரிக் ஆசிட் சேர்ந்து வரும் மூட்டுவலி) இருக்கிறது. எனக்கு இதைச் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. 9 வயது மகனுக்கு ஆஸ்துமா. சிறு வயதில் செய்த சோதனையில் பூஞ்சை அலர்ஜி என்றார்கள். இரண்டு வாரம் முன்பு இதைச் சாப்பிட்ட இருபது நிமிடத்தில் அவனுக்கு உதடு அரித்தது, கழுத்தில் தடிப்பு வந்தது, கொஞ்சம் இருமினான். அலர்ஜி சிரப் கொடுத்துப் படுக்க வைத்தேன். காலையில் சரியாகிவிட்டது. அதற்கு முன்பும் ஒருமுறை வாய் அரிக்கிறது என்றான், காரம் என்று விட்டுவிட்டேன். இது நிஜமாகவே விஷமா? அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: கொடுக்கக் கூடாது. கடுகளவும் கூடாது. அலர்ஜி மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை உங்கள் மகன் வாயில் இது படவே வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் முழுக் கடிதத்தில் வீடியோக்களுக்கு இரண்டு பக்கம், மகனுக்கு நாலு வரி. பயப்பட வேண்டியது அந்த நாலு வரிக்குத்தான். அதிலும் ‘கொஞ்சம் இருமினான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்தினேன்.

ஆஸ்துமா உள்ள பிள்ளை இருமுவது வீட்டில் தினசரிச் சங்கதி. அம்மாவின் காது அதற்குப் பழகிவிடும். உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் சாப்பிட்ட இருபது நிமிடத்தில், உதட்டு அரிப்போடும் தடிப்போடும் சேர்ந்து வருகிற இருமலை வழக்கமான ஆஸ்துமாக் கணக்கில் எழுதக் கூடாது. அலர்ஜி தோலோடு நிற்காமல் மூச்சுக்குழாய்க்குள்ளும் இறங்குகிறது என்று அதற்குப் பொருள். உயிருக்கே ஆபத்தாகக்கூடிய இந்த வகை அலர்ஜிக்கு அனஃபிலாக்ஸிஸ் என்று பெயர். அன்று அது தானாக அடங்கிவிட்டது. அடுத்த முறையும் அடங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. முதல் முறை வாய் அரிப்பு மட்டும், இரண்டாவது முறை தடிப்பும் இருமலும். இது போகிற திசை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது அந்த சிரப். இந்த ஊரில் நம்மவர் வீட்டு மருந்துப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் இருக்கிறது. மூடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, அளவுக் கரண்டி தொலைந்துபோய். அது அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். மூச்சுக்குழாய் இறுகுவதையோ ரத்த அழுத்தம் சரிவதையோ அது தடுக்காது. அதற்கு அட்ரினலின் ஊசி ஒன்றுதான் மருந்து. போதாக்குறைக்குப் பழைய வகை அலர்ஜி சிரப்புகள் தூக்கம் வரவைக்கும். தூங்குகிற பிள்ளை ‘அம்மா, தொண்டை அடைக்கிறது’ என்று சொல்லாது. மருந்து வேலை செய்து பையன் தூங்கினான் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் அங்கே இருந்திருந்தால் அவனைத் தூங்க விட்டிருக்க மாட்டேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன்.

நாளைக் காலையே உங்கள் ஜிபிக்கு, அதாவது குடும்ப மருத்துவருக்கு, ஃபோன் செய்யுங்கள். ‘சாப்பிட்டதும் தடிப்பும் இருமலும் வந்தது, ஆஸ்துமா இருக்கிறது, பூஞ்சை அலர்ஜி இருக்கிறது’ என்று இந்த மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் மூன்றும் சின்ன விஷயமாகத்தான் காதில் விழும். குழந்தைகள் அலர்ஜி கிளினிக்குக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சந்திப்புக்கு நாளாகலாம், அதுவரை அட்ரினலின் பேனா (நாமே போடக்கூடிய, பேனா வடிவ அட்ரினலின் ஊசி) தேவையா என்றும் அங்கேயே கேளுங்கள். கொடுத்தால் இரண்டாகக் கொடுப்பார்கள். இரண்டும் எப்போதும் பையன் கூடவே போக வேண்டும். ஒன்று வீட்டில், ஒன்று பள்ளியில் என்று பங்கு போடாதீர்கள். ஆஸ்துமாவும் கட்டுக்குள் இருக்க வேண்டும்; உணவு அலர்ஜி உயிருக்கு ஆபத்தாக முடிகிறவர்களில் பலருக்கும் ஆஸ்துமா இருக்கிறது. தினமும் போட வேண்டிய தடுப்பு இன்ஹேலரை ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று நிறுத்தியிருந்தால், இன்றிரவே திரும்ப ஆரம்பியுங்கள்.

எதைச் சாப்பிட்டாவது மறுபடி இப்படி வந்தால், அதாவது குரல் கம்மினால், விடாமல் இருமினால், இழுத்தால், விழுங்க முடியாவிட்டால், வெளிறிப்போய்த் துவண்டால், பேனா கையில் இருந்தால் தொடையின் வெளிப்பக்கம் போட்டுவிட்டு, இல்லாவிட்டால் உடனே, அவசர எண் 999ஐக் கூப்பிடுங்கள். ‘அனஃபிலாக்ஸிஸ்’ என்ற சொல்லைச் சொல்லுங்கள், அந்த ஒரு சொல்லுக்கு வண்டி வேகமாக வரும். பையனைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் காலை நீட்டியபடி உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள், பாத்ரூமுக்குக்கூட. ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது பேனா.

சரி, இந்த உணவு ஏன் இவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை? இதன் அடிப்படைப் பொருள் மைக்கோபுரோட்டீன், ஒரு பூஞ்சையின் நூலிழைகள். ஈரச் சுவரிலும் இலையுதிர் காலக் காற்றிலும் இருக்கும் பூஞ்சைகளுக்கு இது தூரத்துச் சொந்தம். அந்தச் சொந்தங்களுக்குள் சில புரதங்கள் ஒரே சாயலில் இருக்கும். மூச்சு வழியாகப் பூஞ்சைக்கு எதிராகப் பழகிவிட்ட உடம்பு, தட்டில் வந்த பூஞ்சையையும் அதே எதிரி என்று நினைத்துவிடலாம். பூஞ்சை அலர்ஜி உள்ள ஒருவருக்கு குவார்ன் சாப்பிட்டதும் ஒவ்வாமை வந்ததையும், இப்படி இரு பக்கமும் பொதுவான ஒரு புரதமே அதற்குக் காரணம் என்பதையும் ஐரோப்பிய மருத்துவர்கள் 2003ல் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதானதுதான். லட்சக்கணக்கானவர்கள் தினமும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். ஆனால் பூஞ்சை அலர்ஜியும் ஆஸ்துமாவும் உள்ள பிள்ளைக்கு அந்த ‘அரிது’ அவ்வளவு தூரத்தில் இல்லை.

குற்றவாளி பூஞ்சைதான் என்று நான் இங்கிருந்து தீர்ப்பு எழுதவும் மாட்டேன். சுத்த சைவம் என்றீர்களே, பாக்கெட்டின் பின்பக்கம் படித்தீர்களா? வழக்கமான குவார்ன் கைமாவில் இழைகளை ஒட்டவைப்பது முட்டையின் வெள்ளைக் கரு. (மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது என் துறை அல்ல.) பள்ளியில் கேக் சாப்பிடுகிறானே என்று முட்டையைக் கழித்துவிட முடியாது. நன்றாக வெந்த முட்டையைத் தாங்கும் பிள்ளைகளில் சிலர் குறைவாக வெந்த முட்டையைத் தாங்குவதில்லை. அதையும் சோதித்துப் பார்க்கட்டும். முட்டை இல்லாத வீகன் பாக்கெட் கிடைக்கிறது, ஆனால் அதிலும் பூஞ்சை அதேதான். மகனுக்கு அதுவும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் இதை வாயால் சொல்லாமல் எழுதியே கொடுங்கள். பிரிட்டனில் உணவுப் பொருளில் கட்டாயம் எடுத்துக்காட்ட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. முட்டை, பால், வேர்க்கடலை எல்லாம் அதில் உண்டு. மைக்கோபுரோட்டீன் இல்லை. பொருள் பட்டியலில் சாதாரண எழுத்தில் இருக்கும், தடித்த எழுத்தில் இருக்காது. பள்ளிச் சமையலறையின் அலர்ஜி அட்டவணையிலும் அதற்கென்று ஒரு கட்டம் இருக்காது. செவ்வாய்க்கிழமை சைவ சாசேஜ் என்று தட்டில் விழுந்துவிடும். அமெரிக்காவில் 2017ல் ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பிறகு, இது பூஞ்சை என்றும் அரிதாக ஒவ்வாமை வருவதுண்டு என்றும் பாக்கெட்டில் அச்சிடுகிறார்கள். அது எல்லா நாட்டிலும் வந்தால் என் போன்றவர்களுக்கு வேலை மிச்சம்.

இனி உங்கள் வீடியோக்கள். பூஞ்சையின் முழுப்பெயர் ஃபியூசேரியம் வெனெனேட்டம். லத்தீனில் அது விஷமுள்ளது என்றுதான் பொருள்படும், அதை மறுக்கவில்லை. அந்த இனத்தில் தானியத்தைக் கெடுத்து நச்சு சேர்க்கும் உறவினர்கள் இருப்பதும் உண்மை. ஹார்மோன் புரளி வந்த வழியும் எனக்குத் தெரியும்: ஆரம்பத்தில் இந்தப் பூஞ்சையை ஃபியூசேரியம் கிராமினியேரம் என்று தப்பாக வகைப்படுத்தியிருந்தார்கள். அந்தக் கிராமினியேரம், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிற ஒரு நச்சைச் சுரக்கும். 1990களில் மரபணுவைப் பார்த்து இது வேறு என்று பெயரை மாற்றினார்கள். பழைய பெயரைத் தோண்டி எடுத்து இன்றும் ஒருவர் கேமரா முன்னால் உட்கார்ந்து பயமுறுத்திக்கொண்டிருக்கிறார். தொட்டியில் வளர்க்கும் நிலைமையில் இது நச்சு சுரக்காதபடி பார்த்துக்கொள்கிறார்கள், அதைத் தொடர்ந்து சோதிக்கவும் செய்கிறார்கள். 

இதில் உங்களுக்கு ஒரு வேடிக்கை. இந்தப் பூஞ்சை எங்கோ ரசாயனக் கூடத்தில் பிறந்தது அல்ல. உலகம் முழுக்கப் புரதப் பஞ்சம் வரும் என்று பயந்த 1960களில், ராங்க் ஹோவிஸ் மெக்டூகல் என்ற மாவு, ரொட்டி நிறுவனம் மாவுச்சத்தைப் புரதமாக மாற்றும் நுண்ணுயிர் தேடி ஆயிரக்கணக்கான மண் மாதிரிகளைச் சலித்தது. கடைசியில் தேறியது 1967ல் மார்லோவில் எடுத்த மண்ணில். உங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு பல வருடம் சோதித்து, 1985ல்தான் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. நாம் யோசிக்காமல் விழுங்குகிற எத்தனையோ ‘மூலிகைப் பொடி’களுக்கு இதில் பாதிச் சோதனைகூட நடந்திருக்காது.

மாமனாரின் கவுட் பற்றிய கேள்வி அர்த்தமுள்ளது. வேகமாக வளரும் எந்த நுண்ணுயிரிலும் ஆர்என்ஏ (செல்லுக்குள் புரதம் தயாரிக்க உதவும் மூலக்கூறு) அதிகம், அது உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும். அதற்காகத்தான் தொட்டியிலிருந்து எடுத்ததும் பூஞ்சையை 68 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஆர்என்ஏ உடைந்து வெளியேறி, உலர் எடையில் 2 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். மாமனார் அளவாகச் சாப்பிடலாம். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பாருங்கள், கவுட்டில் எனக்கு அதுதான் பெரிய கவலை.

உங்கள் வயிற்று உப்புசம் நார்ச்சத்தின் வேலை. 100 கிராம் மைக்கோபுரோட்டீனில் சுமார் 11 கிராம் புரதமும் 6 கிராம் நாரும் இருக்கிறது. அந்த நார் பூஞ்சையின் செல் சுவர், கைட்டினும் பீட்டா குளுக்கனும். பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து, காற்று உங்களுக்கு. அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். ஆனால் சாப்பிட்ட சில மணி நேரத்தில் அடக்க முடியாத வாந்தி ஒவ்வொரு முறையும் வந்தால் அது உப்புசம் அல்ல, நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

மகனுக்கு இட்லி தோசையையும் நிறுத்தலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேண்டாம். இட்லி மாவைப் பொங்கவைப்பது முக்கியமாக பாக்டீரியாக்கள், அதுவும் அவன் பிறந்ததிலிருந்து சாப்பிடுவது. காளானும் ரொட்டியும் இதுவரை ஒத்துக்கொண்டிருந்தால் அவற்றையும் நீங்களாகப் பிடுங்காதீர்கள். அலர்ஜி வந்த பிள்ளையை எல்லாவற்றையும் நிறுத்திப் பட்டினி போட்டு எலும்பும் தோலுமாகக் கூட்டிவரும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன். புரதத்துக்குப் பருப்பு, தயிர், பனீர், சுண்டல் போதும். முடியை அனுப்பினால் அலர்ஜி கண்டுபிடித்துத் தருகிறோம் என்ற விளம்பரத்துக்குப் பணம் கட்டப்போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். முடியைப் பார்த்து உணவு அலர்ஜி கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பணத்துக்குப் பையனுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.

ஃப்ரீசரில் மிச்சமிருக்கும் பாக்கெட்டைக் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு அலர்ஜி கிளினிக்கில் சில சமயம் அந்த உணவையே எடுத்துவரச் சொல்வார்கள். இரட்டைக் கவரில் கட்டி, மேலே மகன் பெயரை எழுதி ‘தொடாதே’ என்று ஒட்டி, மேல் தட்டின் மூலையில் வையுங்கள். லேபிள் கிழியாமல் இருக்கட்டும்.