மூன்று பக்கமும் இழுக்கும்போது: கேள்வி பதில்

குடும்பம், வேலை, வழிபாடு மூன்றுக்கும் நடுவில் திணறுகிறவர்களின் கேள்விகளுக்குக் குடும்பநல ஆலோசகர் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: காலை வழிபாட்டை ஒருநாளும் விட்டதில்லை. குழந்தை பிறந்த நான்கு மாதமாக எதுவும் முடியவில்லை. குற்ற உணர்வு அரிக்கிறது.

நீங்கள் உங்களிடம் காட்டும் கண்டிப்பை உங்கள் மதம் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். இஸ்லாத்தில் நோயாளியும் பயணியும் நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கலாம். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். சரியாக உண்ணாதவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம்.

எனக்கு மிகவும் நெருக்கமானது பைபிளில் வரும் எலியாவின் கதை. ஓடிக் களைத்த அந்தத் தீர்க்கதரிசி, ‘போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்’ என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். தேவதூதர் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். அவர் உண்டு, மறுபடியும் தூங்குகிறார். இரண்டாம் முறையும் அதே உபசாரம்தான். கடவுளின் மெல்லிய குரல் கேட்பதெல்லாம் அதற்குப் பல நாள் கழித்து.

பாலூட்டும் நேரத்தில் மனத்துக்குள் ஒரு வரி சொல்லுங்கள், இப்போதைக்கு அது போதும். இந்தப் பகுதியின் கடைசிப் பதிலையும் அவசியம் படியுங்கள்.

கேள்வி: குடும்பத்துக்காகத்தான் இரவு வரை உழைக்கிறேன். மனைவியோ நான் வீட்டில் இருந்தும் இல்லாதவன் என்கிறார்.

சாப்பிடும்போது கைபேசி எங்கே இருக்கிறது? தட்டுக்குப் பக்கத்தில் என்றால் அவர் சொல்வது சரி. தினமும் ஒரு மணி நேரம் அதை வேறு அறையில் வையுங்கள்; அந்த நேரத்தில் அழைத்தால் எடுக்க மாட்டீர்கள் என்று மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து வீட்டு வேலைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். தடுப்பூசித் தேதி, பள்ளிப் படிவம், தீர்ந்துபோன மருந்து என்று நினைவில் வைத்திருக்க வேண்டியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அதுவும் வேலைதான். யார் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தாலே பாதிச் சண்டை தீரும். மீதிச் சண்டையாவது நியாயமான சண்டையாக இருக்கும்.

கேள்வி: வழிபாட்டு மன்றத்தில் கணக்கு, சிறுவர் வகுப்பு, விழா ஏற்பாடு எல்லாம் என் தலையில். கடவுள் காரியத்துக்கு எப்படி மறுப்பது?

பைபிளில் இஸ்ரவேல் மக்களின் தலைவரான மோசே காலை முதல் மாலை வரை தனி ஆளாக உட்கார்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்தார். அதைப் பார்த்த மாமனார் எத்திரோ, ‘நீ செய்வது நல்லதல்ல, நீயும் களைத்துப்போவாய், மக்களும் களைத்துப்போவார்கள்’ என்று சொல்லி, வேலையைப் பிரித்துக்கொடுக்க வைத்தார். மாமனார் சொல்லை மருமகன் மறுபேச்சின்றிக் கேட்டதுதான் அதில் பெரிய அற்புதம்!

‘இந்த ஆண்டு கணக்கு மட்டும் பார்க்கிறேன். மற்றவற்றைப் புதியவருக்கு இரண்டு மாதம் கூட இருந்து கற்றுக்கொடுக்கிறேன்’ என்று சொல்லுங்கள். காரணங்களை அடுக்காதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒருவர் தீர்வு வைத்திருப்பார்.

கேள்வி: வண்ண வண்ணமாக அட்டவணை போட்டேன். மூன்று நாள்கூட ஓடவில்லை.

காய்ச்சலுக்கும் திடீர் விருந்தாளிக்கும் அதில் இடம் விட்டீர்களா? வாரத்தில் அரைநாளைக் காலியாக விடுங்கள்.

கேள்வி: எதிலும் பிடிப்பில்லை. இது சோம்பலா, நம்பிக்கைக் குறைவா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். தீராத களைப்பு, வேலையின் மீது வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகியவற்றைப் பணிச்சோர்வின் அடையாளங்களாக 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. அதை நோய் என்று அது சொல்லவில்லை. சமாளிக்கப்படாத பணி அழுத்தத்தின் விளைவு என்றது. அப்படியானால் குறைக்க வேண்டியது சுமையை.

ஆனால் பிடித்தமான எதிலும் மகிழ்ச்சி இல்லாமல், பெரும்பாலான நேரம் மனம் இருண்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் இது வருவது அபூர்வமல்ல. பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. சாவதே மேல் என்ற எண்ணம் வந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.