பரிசுப் பணம் வாங்கினால் அமெச்சூர் தகுதி போய்விடுமா?

கேள்வி: கிளப் அளவில் சில ஆண்டுகளாக ஸ்னூக்கர் ஆடிவருகிறேன். இரண்டு போட்டிகளில் பரிசுப் பணமும் கிடைத்தது. இப்போது ஒரு புரோ-ஆம் (புரொஃபஷனல்களும் அமெச்சூர்களும் கலந்து ஆடும்) போட்டிக்கு விண்ணப்பிக்கப் போனால், படிவத்தில் ‘புரொஃபஷனலா, அமெச்சூரா’ என்று கேட்கிறார்கள். பணம் வாங்கியதால் நான் புரொஃபஷனல் கணக்கில் வந்துவிடுவேனா? புரொஃபஷனல்களோடு ஒரே போட்டியில் ஆடினால், பிறகு அமெச்சூர் சாம்பியன்ஷிப்களில் சேர்க்க மாட்டார்களா? புரொஃபஷனல் டூரில் இடம் பெறுவதற்கான தகுதிப் போட்டியான கியூ ஸ்கூலுக்கும் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருக்கிறது.

பதில்: தயங்காமல் ‘அமெச்சூர்’ என்றே குறியுங்கள். நீங்கள் வாங்கிய பரிசுப் பணம் இதில் எதையும் மாற்றாது.

இந்தப் பயம் பெரும்பாலும் மற்ற விளையாட்டுகளைப் பார்த்து வருவது. கோல்ஃபில் அமெச்சூர் ஒருவர் வாங்கக்கூடிய பரிசுக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் தகுதி போகும். ஸ்னூக்கரில் அப்படிப் பார்ப்பதில்லை. புரொஃபஷனல் போட்டித் தொடரான வேர்ல்டு ஸ்னூக்கர் டூரில் ஆடும் உரிமை, அதாவது டூர் கார்டு, கையில் இருப்பவர் புரொஃபஷனல். இல்லாதவர், எவ்வளவு நன்றாக ஆடினாலும் எவ்வளவு சம்பாதித்தாலும், அமெச்சூர். கிளப்பில் பயிற்சி கொடுத்துப் பிழைப்பு நடத்துபவரும் கார்டு இல்லாவிட்டால் டூரின் பார்வையில் அமெச்சூர்தான்.

டூரில் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 128 பேர் இருப்பார்கள். புதிதாக வருபவருக்குக் கார்டு இரண்டு ஆண்டுகளுக்குத் தரப்படும். பருவ முடிவில் தரவரிசையில் முதல் 64 இடங்களுக்குள் இருப்பவர்கள் நீடிப்பார்கள். மற்றவர்களில் இரண்டாண்டு முடிந்தவர்கள் வேறு வழியில் தகுதி பெறாவிட்டால் கார்டை இழந்து, அடுத்த பருவத்தில் அமெச்சூராக ஆடுவார்கள். ஜேம்ஸ் கஹில் இதற்கு நல்ல உதாரணம். டூரிலிருந்து வெளியேறியிருந்த அவர், 2019-ல் அமெச்சூராகவே தகுதிச் சுற்றுகளைக் கடந்து, உலக சாம்பியன்ஷிப்பின் முதன்மைச் சுற்று நடக்கும் ஷெஃபீல்டு க்ரூசிபிள் அரங்குக்குள் நுழைந்தார். அங்கே அமெச்சூர் ஒருவர் தகுதி பெற்றது அதுவே முதல்முறை. முதல் சுற்றில், அப்போது தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ரோனி ஓ’சல்லிவனை 10-8 என்று தோற்கடித்தார். ‘அமெச்சூர்’ என்ற அடையாளம் ஆட்டத்தின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மூத்த ஆட்டக்காரர்கள் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அவர்கள் காலத்தில் விதி வேறு. 1991-க்கு முன் புரொஃபஷனல் ஆக விரும்புபவர் புரொஃபஷனல் வீரர்களின் சங்கத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஜிம்மி வைட் 1980-ல் உலக அமெச்சூர் பட்டத்தை வென்ற பிறகு அந்தப் பக்கம் போனார். போனால் போனதுதான் என்ற மனநிலை அன்று இருந்தது. 1991-ல் கட்டணம் செலுத்தும் எவரும் சேரலாம் என்று கதவைத் திறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே வந்தார்கள், சில ஆண்டுகளில் மறுபடி எண்ணிக்கையைக் குறைத்தார்கள். இன்று இருபுறமும் போய்வர முடிகிறது. இந்திய வீரர் பங்கஜ் அத்வானி 2012 முதல் 2014 வரை டூரில் ஆடினார். கார்டை விட்டுக்கொடுத்துத் திரும்பி, 2015-லும் 2017-லும் ஐ.பி.எஸ்.எஃப். (சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கூட்டமைப்பு) நடத்தும் அமெச்சூர் உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார்.

இனி புரோ-ஆம். இரு தரப்பினரும் ஒரே போட்டியில் சேரலாம் என்பது மட்டுமே அந்தப் பெயரின் உத்தரவாதம். மற்றதெல்லாம் நடத்துபவரின் விருப்பம். சில இடங்களில் அமெச்சூர்கள் ஆரம்பச் சுற்றுகளை ஆடி முடித்த பிறகே புரொஃபஷனல்கள் உள்ளே வருவார்கள். சில இடங்களில் எல்லோரும் ஒரே குலுக்கலில். சில இடங்களில் ஹேண்டிகேப்: புரொஃபஷனலை எதிர்த்து ஆடும்போது அமெச்சூருக்கு ஒவ்வொரு ஃப்ரேமிலும் சில புள்ளிகள் முன்கூட்டியே தரப்படும். படிவத்தில் உள்ள அந்தக் கேள்விக்கு இங்கேதான் உண்மையான வேலை. நீங்கள் யார் என்று தெரிந்தால்தான் எந்தச் சுற்றில் வைப்பது, எத்தனை புள்ளி தருவது என்று அவர்களால் முடிவுசெய்ய முடியும்.

ஹேண்டிகேப்பைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 21 புள்ளி முன்னிலையோடு தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிவப்புகள் எல்லாம் போன பின் மேசையில் மீதமிருப்பது 27 புள்ளி. அந்தக் கட்டம் வரை இருவரும் சமமாக எடுத்திருந்தால், எதிராளி மஞ்சளிலிருந்து கருப்பு வரை கிட்டத்தட்ட முழுவதையும் எடுத்தால்தான் ஜெயிக்க முடியும்; பழுப்பையோ அதற்கு மேல் மதிப்புள்ள எதையாவதோ நீங்கள் போட்டுவிட்டால், அவர் ஸ்னூக்கர் வைத்து (நீங்கள் அடிக்க வேண்டிய பந்தை வேறு பந்தால் மறைத்து) ஃபவுல் புள்ளி தேடும் நிலைக்குப் போய்விடுவார். இதை அறிந்த புரொஃபஷனல் தொடக்கத்திலிருந்தே பெரிய பிரேக்குக்கு (ஒரே முறையில் தொடர்ந்து எடுக்கும் புள்ளிகளுக்கு) போவார். அதனால் எதிராளிக்கு எளிய வாய்ப்பு தராத சேஃப்டி ஆட்டத்தில் பொறுமை காப்பதுதான் உங்களுக்குப் பலம். தூரத்துச் சிவப்பைக் குறிவைத்து அவருக்கு மேசையைத் திறந்துவிடாதீர்கள்.

அண்மையில் டூரிலிருந்து வெளியேறியவரைப் புரோ-ஆம் நடத்துபவர் எந்தக் கணக்கில் வைக்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டூரின் விதிப்படி அவர் அமெச்சூர். ஆனால் ஹேண்டிகேப் தருவதற்கு அவரைப் புரொஃபஷனலாகவே வைப்பது நியாயம் என்பது என் கருத்து.

புரோ-ஆமில் ஆடியதால் உங்கள் தகுதி மாறாது. தரவரிசைப் போட்டிகளிலேயே அமெச்சூர்கள் ஆடுகிறார்கள்: காலியிடம் விழும்போது, கியூ ஸ்கூலில் மயிரிழையில் கார்டைத் தவறவிட்டவர்களை அழைத்து நிரப்புவது வழக்கம். அங்கே ஜெயித்தால் பரிசுப் பணம் கைக்கு வரும். ஆனால் அவர்கள் தரவரிசைப் பட்டியலில் இல்லாததால் அது புள்ளியாக ஏறாது. எந்தத் தகுதியில் உள்ளே போகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2005 சீனா ஓபன் காட்டியது. டிங் ஜுன்ஹுய் அப்போது புரொஃபஷனல்தான், ஆனால் வைல்டு கார்டில் (நடத்துபவரின் சிறப்பு அழைப்பில்) சேர்ந்திருந்தார். இறுதியில் ஸ்டீபன் ஹென்ட்ரியை 9-5 என்று வென்றும் கோப்பைதான் கிடைத்தது. பரிசுப் பணமும் இல்லை, தரவரிசைப் புள்ளியும் இல்லை.

கியூ ஸ்கூல் 2011-ல் தொடங்கியது. அதற்கு விண்ணப்பிப்பதாலோ ஆடுவதாலோ நீங்கள் புரொஃபஷனல் ஆவதில்லை. கார்டு வென்று டூரில் சேர்ந்தால்தான். ஆனால் கார்டை ஏற்ற பிறகு, டூர் வீரர்களுக்கு இடமில்லாத அமெச்சூர் சாம்பியன்ஷிப்களை விட்டுவிட வேண்டும். உங்கள் அச்சம் பொருந்துவது இந்த ஒரு கட்டத்துக்கு மட்டுமே. பயணச் செலவும் உங்களுடையது. 2022-23 பருவத்திலிருந்து ஒவ்வொரு டூர் வீரருக்கும் ஆண்டுக்கு 20,000 பவுண்டு உறுதி செய்யப்பட்டது. அது பரிசுப் பணத்துக்கு மேல் வரும் தொகை அல்ல. நீங்கள் வெல்லும் பணம் அதிலிருந்தே கழிக்கப்படும். அதனால் முதலில் கியூ டூரில் ஒரு பருவம் ஆடிப் பாருங்கள் என்பேன். கார்டு இல்லாதவர்களுக்கானது, பரிசுப் பணமும் உண்டு, அதன் வழியாகவும் கார்டு கிடைக்கும். உங்களைவிட வலுவானவர்களோடு ஆடி எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளாமல், கியூ ஸ்கூலின் ஏழு ஃப்ரேம் ஆட்டங்களில் நேராகப் போய் இறங்குவதை நான் விரும்பவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டூர் நடத்தும் போட்டிக்கு அமெச்சூராக விண்ணப்பித்தாலும் அதன் ஒழுங்கு விதிகளை ஏற்றுத்தான் சேர்கிறீர்கள். ஸ்னூக்கர் ஆட்டம் எதன் மீதும், உங்கள் ஆட்டமாக இல்லாவிட்டாலும், பந்தயம் கட்டக் கூடாது. 2023-ல் சீன வீரர்கள் 10 பேர் ஆட்ட நிர்ணய விவகாரத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் இருவருக்கு வாழ்நாள் தடை.

படிவத்தை அனுப்புமுன் நடத்துபவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அவர்கள் யாரைப் புரொஃபஷனல் என்கிறார்கள், ஹேண்டிகேப் எத்தனை புள்ளி, ‘மிஸ்’ விதி (அடிக்க வேண்டிய பந்தைத் தொடத் தவறி, போதிய முயற்சி செய்யவில்லை என்று கருதப்பட்டால் பந்துகளைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி அடிக்கச் சொல்வது) எல்லாச் சுற்றுகளிலும் முழுமையாக உண்டா. நடுவர் இல்லாத ஆரம்பச் சுற்றுகளில் அதிகம் சண்டை வருவது இந்த மூன்றாவதில்தான்.