மாடல் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? நுண்ணுயிர்க் கணிப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மேடம், உடனே சாப்பிடும் பொருளுக்கு உப்பு, பிஹெச், வெப்பநிலை போட்டு கோம்பேஸ் என்ற நுண்ணுயிர் வளர்ச்சிக் கணிப்புக் கருவியில் பார்த்தோம். காலாவதி நாள்வரை லிஸ்டீரியா (நோய் தரும் பாக்டீரியா) எண்ணிக்கை கிராமுக்கு 100-ஐத் தாண்டாது என்கிறது. லேப் சோதனை வேண்டாம்தானே?

பதில்: வேண்டும். எந்தப் பொருளை, எந்த நாளில் சோதிப்பது என்று முடிவு செய்யத்தான் மாடல். அதிலுள்ள வளர்ச்சி மாடல்கள் பெரும்பாலும் ஆய்வகத் திரவத்தில் வளர்த்துப் பார்த்த அளவுகளில் உருவானவை. நிஜ உணவில் மற்ற பாக்டீரியாக்களின் போட்டி இருப்பதால் வளர்ச்சி பொதுவாக இன்னும் மெதுவாக இருக்கும். எப்போதும் அப்படித்தான் என்று எழுதிக்கொடுக்க நான் தயாரில்லை.

கேள்வி: எங்கள் குளிர் அறை 4 டிகிரி. அதையே போடலாமா?

பதில்: அது கதவில் இருக்கும் மீட்டர் காட்டுவதா, பொருளின் நடுவில் வைத்த லாகர் (வெப்பநிலையைத் தொடர்ந்து பதியும் கருவி) காட்டுவதா? தப்பு நடப்பதே பெரும்பாலும் இங்கேதான். 1982-இல் ராட்கோவ்ஸ்கி குழு தந்த சமன்பாட்டின்படி, வளர்ச்சி வேகத்தின் வர்க்கமூலம் வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறும். கோடு பூஜ்யத்தைத் தொடும் வெப்பநிலையை, ஒரு கணக்குக்காக, மைனஸ் 2 டிகிரி என்று வையுங்கள். 4 டிகிரி அதைவிட 6 மேலே; 6-இன் வர்க்கம் 36. 8 டிகிரி 10 மேலே; 10-இன் வர்க்கம் 100. நாலு டிகிரி கூடியதற்கு வேகம் கிட்டத்தட்ட 2.8 மடங்கு! வண்டியில் ஏற்றி இறக்கும் நேரம், கடை அலமாரி, வாங்குபவர் வீட்டு ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டுங்கள். சராசரியை மட்டும் போட்டால் மாடல் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் தரும்.

கேள்வி: ஆரம்பத் தாமதக் கட்டத்துக்கு, அதாவது பாக்டீரியா பெருகத் தொடங்கும் முன் எடுக்கும் நேரத்துக்கு, என்ன போடுவது?

பதில்: தரவு கையில் இல்லையென்றால் தாமதமே இல்லை என்று வைத்து ஓட்டுங்கள்.

கேள்வி: சமைத்த இறைச்சி ஆற நேரமாகிவிட்டது. மாடல் ஓட்டிவிட்டு, மறுபடி கொதிக்கவைத்து அனுப்பலாமா?

பதில்: சமைத்தாலும் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (வெப்பம் தாங்கும் உறக்க வடிவம்) பிழைத்துக்கொள்ளும். 40 டிகிரிக்குச் சற்று மேலே அந்த பாக்டீரியா இரட்டிப்பாகப் பத்து நிமிடமே போதும். ஆறிய நேரம் முழுக்கப் பதிவான வெப்பநிலையை, மாறும் வெப்பநிலைக்கான மாடலில் போடுங்கள். பத்து மடங்குக்கு மேல் பெருகியிருக்கும் என்று காட்டினால் கொட்டிவிடுங்கள். பதிவே இல்லையா, அப்போதும் கொட்டத்தான் வேண்டும். கொதிக்கவைத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள்: ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் நச்சு ஏற்கெனவே உருவாகியிருந்தால் கொதியிலும் அழியாது.