பிலிப்பினோ கஃபேக்கு முதல் தடவை போகிறேன், என்ன எடுக்கலாம்?

வேலையிடத்துக்குப் பக்கத்தில் பிலிப்பினோ கஃபே ஒன்று திறந்திருக்கிறது, இனிப்பு, குடிக்க ஏதாவது, லேசான சாப்பாடு என்று எதை எடுக்கலாம் எனக் கேட்டிருந்தீர்கள். நான் ரொறன்ரோவில் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்கிறேன். கூட வேலை செய்பவர்களில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர். வேலை முடிந்து அவர்களோடு போய்ப் போய் அந்தக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிற எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

முதலில் ஊபே எடுங்கள். கடும் ஊதா நிறத்தில் இருக்கும், தவறவிட மாட்டீர்கள். முதல் நாள் என் சிநேகிதி ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊபே ஹலாயாவை என் பக்கம் தள்ளிவிட்டா. ஒரு கரண்டி வாயில் வைத்ததும், "இது இராசவள்ளிக்கிழங்கெல்லோ!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவ திகைத்துப் போய்ப் பார்த்தா. பிறகு தேடிப் பார்த்தேன், இரண்டும் ஒரே இனம்தான், தாவரவியற் பெயர் டயஸ்கோரியா அலாட்டா. யாழ்ப்பாணத்தில் அம்மா கை கடிக்கும் என்று தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு தோல் சீவுவா. தேங்காய்ப்பாலும் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் விட்டுக் காய்ச்சுவா. பானையின் உட்பக்கம் முழுக்க ஊதாக் கறை பிடித்திருக்கும். அவர்கள் அதே கிழங்கை அவித்து, துருவி, ரின்பாலும் பட்டரும் போட்டு, சட்டியில் ஒட்டாமல் வரும்வரை தொதல் கிண்டுவதுபோல் கிண்டி எடுக்கிறார்கள். ஊபேயை ஊதா வற்றாளங்கிழங்கு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது வேறு, இது வேறு.

ஒன்று கவனியுங்கள். ஊபே லாட்டே, ஊபே கேக் என்று பளிச்சென்ற ஊதாவில் வருவதில் பல, எசன்ஸ் விட்டுச் செய்தவை. உண்மையான ஹலாயாவின் நிறம் கொஞ்சம் மங்கல், நாக்கில் கிழங்கின் மாத்தன்மை தெரியும். "கிழங்கில் செய்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள், விருப்பத்தோடு விளக்கம் சொல்வார்கள்.

அடுத்தது ஹாலோ-ஹாலோ. பெயரின் பொருளே கலந்தது என்பதுதான். உயரமான கண்ணாடிக் கிளாசின் அடியில் சீனிப்பாகில் ஊறிய சிவப்பு பீன்ஸ், கொண்டைக்கடலை, வாழைப்பழத் துண்டு, பலாச்சுளைக் கீற்று, நாட்டா டி கோக்கோ எனும் தேங்காய்த்தண்ணீர் ஜெல்லி. அதன்மேல் சீவிய ஐஸ் மலைபோல், அதில் ஆவியாக்கிய பால், உச்சியில் லெச்சே ஃபிளான் எனும் முட்டைப்பால் புடிங் ஒரு துண்டும் ஊபேயும். எங்கள் வட்டிலப்பத்துக்குப் பழகியவர்களுக்கு அந்த ஃபிளான் தூரத்துச் சொந்தம். மேலேயிருந்து கரண்டி கரண்டியாக எடுத்துச் சாப்பிட வேண்டாம், நான் அப்படித் தொடங்கியபோது சிநேகிதி கையைப் பிடித்து நிறுத்திவிட்டா. அடிவரை கரண்டியை விட்டுக் கிளறுங்கள். ஐஸ் உருகிப் பாலும் பாகும் ஒன்றாகி ஊதா நிறமாகும்போதுதான் அது ஹாலோ-ஹாலோ. 1902 இல் அமெரிக்கர் மணிலாவில் ஐஸ் தொழிற்சாலை கட்டினார்கள். பிறகு அங்கே குடியேறிய ஜப்பானியர் சீனிப்பாகில் வேகவைத்த பயறின்மேல் ஐஸ் சீவிப் போட்டு விற்றார்கள். அதிலிருந்து வளர்ந்ததாகத்தான் சொல்கிறார்கள். ஒரு கிளாஸ் இரண்டு பேருக்குத் தாராளம்.

குடிக்க கலமான்சி. நெல்லிக்காய் அளவு தேசிக்காய், வெளியே பச்சை, உள்ளே செம்மஞ்சள். தேசிக்காயின் புளிப்பும் மண்டரின் தோடம்பழத்தின் வாசமும் சேர்ந்திருக்கும். ஐஸ் போட்டும் தருவார்கள், தடிமன் என்றால் சுடுநீரில் தேன் விட்டும் தருவார்கள். கோப்பிப் பிரியர் என்றால் பராக்கோ கேளுங்கள். பத்தாங்காஸ் மாகாணத்து லைபீரிக்கா கொட்டை, நல்ல கடுப்பு. சாகோ குலாமான் என்பது ஜவ்வரிசியும் கடற்பாசி ஜெல்லியும் போட்ட சர்க்கரைப்பாகுத் தண்ணீர். எனக்கு இனிப்புக் கூடிவிட்டது.

லேசான சாப்பாட்டில் என் தெரிவு அரோஸ் கால்டோ. கோழியும் நிறைய இஞ்சியும் போட்ட அரிசிக் கஞ்சி, மேலே பொரித்த உள்ளியும் அவித்த முட்டையும். கலமான்சியைப் பிழிந்துவிட்டுச் சாப்பிட்டால் இரவு வேலை அலுப்பே தெரியாது. பன்சித் பிஹோன் அரிசி நூடில்ஸ், பயமில்லாமல் தொடங்கலாம். லும்பியா ஷாங்காய் என்ற சின்ன ரோல் பெரும்பாலும் பன்றியிறைச்சியில்தான் செய்வார்கள், சாப்பிடாதவர்கள் கேட்டுவிடுங்கள். மரக்கறி என்று எழுதியிருந்தாலும் மீன் சோஸ் விட்டிருக்கலாம். சுத்த சைவக்காரருக்கு இனிப்புப் பக்கம்தான் பாதுகாப்பு, அதிலும் முட்டை இருக்கிறதா என்று ஒரு சொல் கேளுங்கள்.

துணிவுள்ளவர்களுக்கு சாம்பொராடோ. சொக்லேட் விட்டுக் காய்ச்சிய பசையரிசிக் கஞ்சி, பக்கத்தில் துயோ எனும் பொரித்த கருவாடு! 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவுக்கும் ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் கொண்டுவந்த கொக்கோவின் பிள்ளை இது. இனிப்பையும் கருவாட்டையும் ஒன்றாகச் சாப்பிடுவதா என்று நான் முகம் சுழித்தேன். மூன்றாவது வாயில் விளங்கியது, உப்புத்தான் அந்தச் சொக்லேட்டைத் தூக்கிக் கொடுக்கிறது.

டிசம்பரில் போனால் பூத்தோ பும்போங் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊதாப் பசையரிசி மாவை மூங்கில் குழலில் அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவித் தருவார்கள். குழற்பிட்டு என்று நான் சொன்னதை எங்கள் வேலையிடத்தில் இப்போது நாலு பேர் சரியாக உச்சரிக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் டிசம்பர் 16 முதல் 24 வரை நத்தாருக்கு முந்திய விடியற்காலைப் பூசை முடிந்து தேவாலய வாசலில் வாங்கிச் சாப்பிடுவார்களாம். மார்கழிக் குளிரில் திருவெம்பாவைக்கு எழும்பிப் போனவர்களுக்கு அது எப்படிப்பட்ட பசி என்று தெரியும்.

பின்னேரம் மூன்று, நான்கு மணிக்குப் போங்கள். அதை மெரியெண்டா என்கிறார்கள், எங்கள் தேத்தண்ணி நேரம். வாழைப்பழத்தையும் பலாச்சுளையையும் மெல்லிய மாத்தாளில் சுற்றி, சீனி உருகிப் பிடிக்கப் பொரித்த துரோன் அப்போதுதான் சட்டியிலிருந்து இறங்கும். மேசைக்குப் பின்னால் நிற்பவரை 'ஆத்தே' என்று கூப்பிடுங்கள், அக்கா என்று அர்த்தம். அண்ணாவென்றால் 'கூயா'.