20 நாள் வேத வாசிப்பு விட்டுப்போனால்

வேதத்தை (பைபிளை) ஒரு வருடத்தில் முடிக்கும் அட்டவணையில் லேவியராகமம் 14இல் நின்று, 20 நாள் விட்டுப்போய்விட்டது என்கிறீர்கள். அந்த 20 நாளை அப்படியே விட்டுவிடுங்கள். இன்றைய தேதிக்கு உள்ள பகுதியை இன்று வாசித்தால் போதும். பாக்கியை முடிக்காமல் ஜெபத்தில் உட்கார மனசாட்சி குத்துகிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படி ஒரு நிபந்தனை வேதத்தில் எங்கும் இல்லை.

வாசிப்பு இப்படி நின்றுபோகக் காரணம் பெரும்பாலும் கணக்குதான். வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள்; ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல். 20 நாள் தவறினால் 65 அதிகாரம் குவிந்துவிடும். அதுவும் நீங்கள் நின்றிருப்பது லேவியராகமம் 14இல்! வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாகத் தோன்றும் குழிகளை ஆசாரியன் வந்து பார்க்கிற இடம். நானும் இரண்டு வருடம் அங்கேயேதான் கவிழ்ந்தேன்.

ஒரு வாரம் அட்டவணையை மூடிவைத்துவிட்டு இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு புத்தகத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள், 16 அதிகாரம்தான். தினம் ஒரு சம்பவம், அதில் பிடித்த ஒரு வரியையே ஜெபமாகச் சொல்லுங்கள், பஸ்ஸில் நின்றுகொண்டு சொன்னாலும் சரி. அதில் மனம் இளகினால், கோளாறு உங்களிடம் இல்லை, அட்டவணையில்தான். வார்த்தையே வராத நாளில் சங்கீதம் 88 இருக்கிறது. ஆறுதல் இல்லாமலே முடிகிற சங்கீதம் அது.

ஒன்று மட்டும்: தூக்கம், பசி, வேலை எல்லாமே இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் போதகரோடு டாக்டரையும் பாருங்கள்.