ஒரு நூல் இழைக்கலாமா? ஒட்டு வில் கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, வெளிப்பக்கம், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கம், மூங்கில் ஒட்டி வில் செய்தேன். நாணை முழுக்க இழுக்க 48 பவுண்டு விசை வேண்டியிருக்கிறது, எனக்கு 40 போதும். ஒரு நூல் இழைத்துவிடலாமா?

ஒரு நூல் என்றால் மூன்று மில்லிக்கு மேல்! அப்புறம் அதைப் பிள்ளைகளுக்கு விளையாடத்தான் கொடுக்க வேண்டும். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். தடிமனைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். உங்களுக்குத் தடிமனில் 6 சதவீதம் போனாலே போதும். பிடியருகே 12 மில்லி இருந்தால் 0.7, நுனிப்பக்கம் 7 இருந்தால் 0.4. இழைப்புளியை உள்ளே வைத்துவிட்டு அரத்தை எடுங்கள். ராவுவது உட்பக்கம் மட்டும். மூங்கில் தோலைத் தொடாதீர்கள்.

மேலூர்: நுனிக்குப் போகப் போக எவ்வளவு மெலிய வேண்டும்?

அகலத்தைச் சொல்லவில்லையே. அகலம் நேர்கோட்டில் கூம்பிப் போனால் தடிமன் ஒரே அளவாக இருக்கலாம். அகலம் மாறாவிட்டால், பிடியில் 12, பாதி தூரத்தில் 9.5, முக்கால் தூரத்தில் 7.6. அதற்குமேல் கணக்கை நம்பாமல் நாண் மாட்டும் அளவுக்கு மரத்தை விட்டுவையுங்கள்.

செல்லூர்: வில் சேரன் கொடியாச்சே, மதுரைக்கு மீன்தானே?

மீனுக்கு நாண் ஏற்ற முடியாது.

மறுபடி மேலூர்: எங்கள் ஊர் ஆசாரி 12-இலிருந்து 6-க்கு நேராகச் சரித்தால் போதும் என்கிறார்.

ஆசாரியோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அப்படிச் சரித்தால் நடுவில் 9தான் வரும். அந்த அரை மில்லி குறைந்ததில், பிடிக்கும் நுனிக்கும் நடுவில் விறைப்பு 15 சதவீதம் போய்விடும், வளைவெல்லாம் அங்கேயே கூடும். நானும் இப்படி ஒன்று செய்தேன். பத்து நாளில் உட்பக்கம் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு வரி. நகத்தால் தடவினால் தட்டியது. மரம் நசுங்கிய அடையாளம் அது. அந்த வில் இப்போது கொடிக்கம்பாக இருக்கிறது.

உசிலம்பட்டி: 40 பவுண்டுக்கு எத்தனை மில்லி, ஒரே வரியில்?

இதைக் கேட்பதில் நீங்கள் மூன்றாவது ஆள். மரத்துக்கு மரம் மாறும். தடிமனாக விட்டுவைத்து, வளைத்துப் பார்த்துப் பார்த்துக் குறையுங்கள்.

அலங்காநல்லூர்: காட்டுப்பன்றி அடிக்க எத்தனை பவுண்டு?

1972 வனவிலங்குச் சட்டத்தைப் படித்துவிட்டு வனத்துறையைக் கேளுங்கள்.

வாடிப்பட்டி: சித்திரை வெயிலில் வில்லைக் காருக்குள் விடலாமா?

கூடாது. சூட்டில் எபாக்சி பசை இளகும், ஒட்டு விட்டுப்போகும்.

சோழவந்தான்: மூங்கில் கணு மேடாக இருக்கிறது. தோலோடு சேர்த்து இழைத்துச் சமமாக்கலாமா?

திருமங்கலத்துக்காரருக்குச் சொன்னதன் கடைசி வரியை யாராவது இவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.